மருந்து முன்னே, விளக்கம் பின்னே

ஒரு நோய்க்கு முதலில் காரணம் தெரியவரும், அந்தக் காரணத்தை ஒழிக்கும் மருந்து பிறகு வரும். மருத்துவ வரலாற்றை நாம் பள்ளியில் படித்த வரிசை இது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் காட்டினார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரிசைக்குப் பிடிகொடுக்காத ஒரு நோய் உண்டு. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று அதற்குப் பெயர். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் வருவதற்கு உலகெங்கும் மிகப் பொதுவான காரணங்களில் அது ஒன்று. சாம்பல் நிறத்தில் நீர்த்த கசிவு, உடலுறவுக்குப் பின் அதிகமாகும் மீன் வாடை, பெரும்பாலும் அரிப்போ வலியோ இல்லாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அடையாளம் எதுவுமே தெரியாத பெண்களும் ஏராளம். இன்று இதற்கு டாக்டர்கள் எழுதித்தரும் மருந்துகளில் ஒன்று, இரவில் படுக்கும்முன் குழலால் யோனிக்குள் செலுத்தும் 2 சதவீத கிளிண்டாமைசின் களிம்பு. இந்தக் களிம்பின் கதையையும், அதற்கு முன்னும் பின்னும் வந்த களிம்பு, ஜெல், மாத்திரைகளின் கதையையும் அடுக்கிப் பார்த்தால், இங்கே மருந்துதான் முன்னே போயிருக்கிறது என்பது தெரியும். ஒரு மருந்து பலித்தபோதும் பலிக்காமல் போனபோதும்தான், இது என்ன நோய் என்பதை மருத்துவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார்கள்.

தொடக்கம் ஜெர்மனியில். பிரசவக் காய்ச்சலின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆல்பர்ட் டோடெர்லைன், 1892இல் லைப்சிக் நகரில் வெளியிட்ட நூலில், ஆரோக்கியமான பெண்களின் யோனியில் கோல் வடிவ பாக்டீரியா ஒன்று குடியிருப்பதையும், அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பிற கிருமிகளை அண்டவிடாமல் செய்வதையும் விவரித்தார். லாக்டோபேசில்லஸ் என்று இன்று நாம் சொல்லும் இனம் அது. கிருமி என்றாலே பகை என்று ஐரோப்பா நம்பத் தொடங்கியிருந்த காலத்தில், காவல் காக்கும் கிருமியும் உண்டு என்று சொன்னது பெரிய விஷயம். ஆனால் சிகிச்சையில் அந்தக் கண்டுபிடிப்பு சீக்கிரம் எதிரொலிக்கவில்லை. வெள்ளைப்படுதலோடு வந்த பெண்ணுக்கு, எதைக்கொண்டாவது கழுவு என்பதே நெடுங்காலம் கிடைத்த அறிவுரை. அமெரிக்கப் பத்திரிகைகளில் 1920களிலிருந்து லைசால் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. தரை துடைக்கும் அதே லைசாலைத் தண்ணீரில் கலந்து உள்ளே கழுவிக்கொள்ளச் சொன்ன விளம்பரங்கள் அவை. (கருத்தடைக்கு மறைமுகமான விளம்பரமாகவும் அவை இருந்தன, பெண்ணின் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொண்டு விற்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது.) காவலாளியையும் சேர்த்துக் கழுவி வெளியேற்றும் இந்தப் பழக்கம் வெள்ளைப்படுதலைத் தீர்க்கவில்லை என்பதில் வியப்பில்லை. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியோ கேண்டிடா என்ற பூஞ்சையோ நுண்ணோக்கியில் தெரிந்தால் அதற்கொரு பெயர் உண்டு. இரண்டும் தெரியாவிட்டால் ‘இன்னதென்று குறிப்பிட முடியாத யோனி அழற்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்கள்.

அந்தக் குப்பைக்கூடைப் பெயரை ஒழிக்கப் புறப்பட்டவர் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஹெர்மன் கார்ட்னர். பாக்டீரியா ஆய்வாளர் சார்லஸ் டியூக்ஸுடன் சேர்ந்து 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்த நோய்க்குக் காரணம் ஹீமோஃபைலஸ் வஜைனாலிஸ் என்ற ஒரே கிருமிதான் என்று அடித்துச் சொன்னது. யோனிச் சுவரிலிருந்து உதிரும் செல்களின்மேல் அக்கிருமிகள் விளிம்பே தெரியாதபடி அப்பிக்கொண்டிருப்பதைக் கண்டு, அவற்றைத் துப்புத் தரும் செல்கள் என்று அழைத்ததும் அவர்கள்தான். இன்றும் சோதனைக்கூடத்தில் தேடுவது அதையே. கிருமியே காரணம் என்று நிறுவ அவர்கள் செய்த சோதனை, இன்றைய நெறிக்குழு எதுவும் அனுமதிக்காத ஒன்று. வளர்ப்புத் தட்டில் தனியாக வளர்த்த கிருமியை நோயற்ற 13 பெண்களின் யோனியில் செலுத்தினார்கள். ஒருவருக்குத்தான் நோய் வந்தது. நோயுற்ற பெண்களின் கசிவையே எடுத்து 15 பெண்களுக்குச் செலுத்தியபோது 11 பேருக்கு வந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற எவருக்கும், கசிவில் அந்த ஒரு கிருமியைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று தோன்றும். கார்ட்னருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற சூத்திரம் அந்தத் தலைமுறையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. பின்னாளில், 1980இல், அந்தக் கிருமிக்கு கார்ட்னெரெல்லா என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஒரு கிருமிதான் காரணம் என்றால் அதைக் கொல்லும் ஒரு களிம்பு போதும். மூன்று சல்ஃபா மருந்துகளைக் கலந்த ‘ட்ரிபிள் சல்ஃபா’ களிம்பு அந்த இடத்துக்கு வந்து அமெரிக்க மருத்துவர்களின் வழக்கமாக ஊன்றிவிட்டது. அது பலிக்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு 1978இல்தான் வந்தது. சியாட்டில் நகரில் கிங் ஹோம்ஸின் குழு, களிம்பையும் டாக்சிசைக்ளினையும் ஆம்பிசில்லினையும் மெட்ரோனிடசோலையும் இதே நோயுள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. சல்ஃபா களிம்பு உதவவில்லை. டாக்சிசைக்ளினும் உதவவில்லை. ஆம்பிசில்லின் சிலருக்கு மட்டும் கேட்டது. மெட்ரோனிடசோல் கொடுக்கப்பட்ட 81 பேரில் 80 பேருக்குக் குணமானது. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆய்வகத் தட்டில் கார்ட்னரின் கிருமியைக் கொல்வதில் மெட்ரோனிடசோல் அப்படியொன்றும் கெட்டிக்கார மருந்தில்லை. ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணிக்காக பிரான்ஸின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் 1950களின் இறுதியில் உருவானது அது. ஒட்டுண்ணியைத் தவிர வேறெதையும் அது கொல்லும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 1962இல் ஷின் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர் ஒரு சிறு குறிப்பை எழுதினார்: ட்ரைக்கோமோனாஸுக்காக மெட்ரோனிடசோல் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. ஈறின் இடுக்குகளில் பிராணவாயு இல்லாத இடத்தில் பெருகும் காற்றில்லாக் கிருமிகளை அந்த மாத்திரை கொன்றிருக்கிறது என்ற புரிதல் அந்தக் குறிப்பிலிருந்து கிளைத்தது.

ஆக, 1978இல் சியாட்டில் மருத்துவர்களின் முன்னால் நின்ற கேள்வி தலைகீழானது. நோயை வைத்து மருந்தைத் தேடுவதற்குப் பதில், பலித்த மருந்தை வைத்து நோயைத் தேட வேண்டியதாயிற்று. மெட்ரோனிடசோல் வேலை செய்கிறதென்றால், அது எதைக் கொல்வதில் வல்லதோ அதுவே இங்கே மிகுந்திருக்க வேண்டும். தேடினார்கள், 1980இல் அதே நகரத்து ஆய்வாளர்கள் யோனிக் கசிவில் காற்றில்லாக் கிருமிகளை எண்ணிக் காட்டினார்கள். நோயுற்ற பெண்களிடம் அவை பல மடங்கு பெருகியிருந்தன, லாக்டோபேசில்லஸ் அருகிப்போயிருந்தது. அடுத்து 1983இல், 397 மாணவிகளைப் பரிசோதித்த ரிச்சர்ட் ஆம்செலும் சக ஆய்வாளர்களும், நீர்த்த சீரான கசிவு, 4.5க்கு மேற்பட்ட பி.எச்., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டினால் எழும் மீன் வாடை, துப்புச் செல்கள் என்ற நான்கில் மூன்று இருந்தால் இந்த நோய் என்று வரையறுத்தார்கள். அழற்சிக்குரிய வெள்ளணுக்கள் இங்கே அதிகம் தென்படுவதில்லை என்பதால் பழைய பெயரிலிருந்த ‘அழற்சி’யும் அந்த ஆண்டுகளில் உதிர்ந்தது. ஒரு கிருமியின் படையெடுப்பு என்றிருந்தது, ஒரு கூட்டுக்குடியிருப்பின் சீர்குலைவு என்று மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கான முதல் சான்று சோதனைத் தட்டிலிருந்து வரவில்லை. 81 பெண்களில் 80 பேர் குணமானதிலிருந்து வந்தது.

கிளிண்டாமைசினின் பாதை வேறு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகருக்கருகே எடுத்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்திலிருந்து அப்ஜான் நிறுவனத்தார் லின்கோமைசினைப் பிரித்தார்கள். ஊர்ப்பெயரே மருந்துக்கும் போயிற்று. அதன் மூலக்கூற்றில் ஓரிடத்தில் குளோரின் அணுவைப் பொருத்தி 1960களின் நடுவில் கிளிண்டாமைசினை உருவாக்கினார்கள். 1970இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. காற்றில்லாக் கிருமிகளுக்கு எதிராக வலுவானது என்பதால் அறுவை மருத்துவர்கள் அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் நான்கு ஆண்டுகள்தான். 1974இல் செயின்ட் லூயிஸ் நகரின் மருத்துவர்கள், கிளிண்டாமைசின் பெற்ற 200 நோயாளிகளில் 21 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கும் 10 சதவீதத்தினருக்குக் குடலின் உட்சுவரில் போலிச்சவ்வு படரும் கடுமையான நோயும் வந்ததாக அறிவித்தார்கள். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் வேலை அது என்று 1978இல் தெரிந்தது. மெட்ரோனிடசோலுக்கும் அதே காலத்தில் ஒரு கறை விழுந்தது: நீண்டகாலம் அதிக அளவில் கொடுத்த எலிகளிடம் கட்டிகள் வந்தன. மனிதர்களிடம் அப்படியொரு தொடர்பு நிறுவப்படவில்லை என்றாலும், வாயில் உலோகச் சுவை, குமட்டல், மதுவோடு சேர்த்தால் தொல்லை என்று சாப்பிடுபவர்களின் புகார்கள் போதுமானவையாக இருந்தன. இரண்டு நல்ல மருந்துகள், இரண்டையும் விழுங்கத் தயக்கம். தீர்வு பழைய வழக்கத்திலேயே இருந்தது: விழுங்காமல் பூசுவது. 1990 வாக்கில் வெவ்வேறு அடர்த்தியில் கிளிண்டாமைசின் களிம்பைச் சோதித்து 2 சதவீதத்தைத் தேர்ந்தார்கள். 1992இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தக் களிம்புக்கும் 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல்லுக்கும் அனுமதி தந்தது. 5 கிராம் களிம்பு, அதில் 100 மில்லிகிராம் மருந்து, 7 இரவுகள். செலுத்தியதில் சுமார் 20இல் ஒரு பங்கு மட்டுமே ரத்தத்தில் சேர்கிறது என்பதால் வயிற்றுக்குப் பெரும்பாலும் நிம்மதி. களிம்பிலிருக்கும் கனிம எண்ணெய் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்ற எச்சரிக்கை மட்டும் டப்பாவோடு வந்தது.

சல்ஃபா களிம்பைப் போலின்றி இந்தக் களிம்பு நிஜமாகவே வேலை செய்தது. ஒரு வாரத்தில் வாடை போயிற்று, கசிவு நின்றது. அதன்பின் அது கற்றுத்தந்தவை கசப்பானவை. லாக்டோபேசில்லஸ் மெட்ரோனிடசோலுக்கு அசைவதில்லை, கிளிண்டாமைசினுக்கு மடியும். எனவே களிம்பு, குழப்பக்காரர்களை விரட்டும்போதே திரும்பிவர வேண்டிய காவலாளியையும் தாமதப்படுத்துகிறது. பிட்ஸ்பர்கில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், யோனிக்குள் செலுத்தும் கிளிண்டாமைசினுக்கு முன் காற்றில்லாக் கிருமிகளில் 17 சதவீதம் மருந்தை எதிர்த்து நின்றன. சிகிச்சைக்குப் பின் அது 53 சதவீதமாக உயர்ந்திருந்தது. மெட்ரோனிடசோலை எதிர்த்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், நோய் திரும்பி வந்தது. மெல்பர்ன் ஆய்வாளர் கேட்ரியோனா பிராட்ஷாவின் குழு 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, மெட்ரோனிடசோல் மாத்திரையால் குணமான பெண்களில் 58 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டது. மருந்து போதவில்லையோ என்று அதே குழு 450 பெண்களிடம் மாத்திரையோடு கிளிண்டாமைசின் களிம்பையோ லாக்டோபேசில்லஸ் குளிகையையோ சேர்த்துப் பார்த்து 2012இல் எழுதியது: ஆறு மாதத்தில் சுமார் 28 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, எதைச் சேர்த்தாலும் வேறுபாடில்லை. இரண்டு வலுவான மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் பயனில்லை என்றால், குறை மருந்தின் வலுவில் இல்லை. பெர்லினில் அலெக்சாண்டர் ஸ்விட்சின்ஸ்கி யோனிச் சுவரின் திசுத் துணுக்குகளைப் பார்த்து 2005இல் காட்டியது இந்தச் சந்தேகத்தோடு பொருந்தியது. கிருமிகள் மிதந்துகொண்டில்லை, சுவரில் பிசின்போல ஒட்டிய உயிர்ப்படலமாக, கார்ட்னெரெல்லா அடித்தளமிட்டு, அடுக்கி வாழ்கின்றன. மாத்திரை முடிந்தபின்னும் அந்தப் படலம் மீண்டும் உயிர்பெறுவதை மூன்றாண்டு கழித்து அவரே காட்டினார். ஓரங்கட்டப்பட்டிருந்த கார்ட்னரின் கிருமிக்கு மீண்டும் முக்கியத்துவம் வந்தது இந்த வழியில்தான்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உடனே எழும்: கற்றுத்தந்தது நுண்ணோக்கியும் வளர்ப்புத் தட்டும் மரபணு வரிசைப்படுத்தலும்தானே, மருந்துக்கு ஏன் இந்தப் பெருமை? கருவிகள் இல்லாமல் எதுவும் தெரிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் கருவி எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை. காற்றில்லாக் கிருமிகளை வளர்க்கும் முறை 1955இலேயே உலகில் இருந்தது. ஹூஸ்டனில் கிடைத்த இரண்டு எண்கள் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லியும் யாரும் திரும்பவில்லை. எட்ட முடியாதிருந்த உண்மையை மெட்ரோனிடசோல் எட்டச் செய்யவில்லை. பார்க்க மறுத்ததைப் பார்க்கக் கட்டாயப்படுத்தியது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. மருந்து கேட்டதை வைத்து நோயை ஊகிப்பது மருத்துவத்தில் மிக ஆபத்தான பழக்கம். தலைவலி ஆஸ்பிரினால் தீர்கிறது என்பதால் உடம்பில் ஆஸ்பிரின் குறைந்துவிட்டதென்று யாரும் சொல்வதில்லை. இந்த மறுப்பை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பூஞ்சைக்கான களிம்புகள் 1990களின் தொடக்கத்தில் சீட்டில்லாமல் கிடைக்கத் தொடங்கின. அதன் விளைவு என்ன என்று 2002இல் ஓர் ஆய்வு பார்த்தது. தமக்குப் பூஞ்சைதான் என்று முடிவுசெய்து கடையில் களிம்பு வாங்கிய 95 பெண்களைச் சோதித்தபோது, பூஞ்சை மட்டும் இருந்தது மூவரில் ஒருவருக்கு. ஐவரில் ஒருவருக்கு இருந்தது பாக்டீரியல் வஜைனோசிஸ். அவர்களில் சிலருக்குக் களிம்பு தடவியபின் தற்செயலாகச் சற்று இதமாக இருந்திருந்தால், அடுத்த முறையும் அதையே வாங்குவார்கள். சோதித்துப் பார்க்காத மருந்து பொய்யைத்தான் கற்றுத்தரும். கிளிண்டாமைசின் களிம்பு டாக்டர் சீட்டின் பின்னால் வைக்கப்பட்டிருப்பதற்கு எதிர்ப்பாற்றல் பெருகும் என்ற பயம் ஒரு காரணம். அறிகுறியை மட்டும் வைத்து இந்த நோயைத் தீர்மானிக்க முடியாது என்பது இன்னொன்று. மருந்திலிருந்து கற்கலாம் என்று நான் சொல்வது, யாருக்கு என்ன இருந்தது என்று முன்பே பார்த்து, எதைக் கொடுத்தோம் என்று எழுதிவைத்து, பின்பும் பார்க்கிற இடத்தில்தான். சியாட்டிலும் மெல்பர்னும் அப்படிப்பட்ட இடங்கள்.

அப்படிப் பார்த்துச் செய்த சோதனைகள் மருத்துவர்கள் விரும்பாத பதிலையும் தந்திருக்கின்றன. 10,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இந்த நோயுள்ள பெண்களுக்கு எடை குறைந்த குறைமாதக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம் என்றது. காரணம் தெரிந்துவிட்டது, கிருமியைக் கொன்றால் குறைமாதப் பிரசவம் குறையும் என்று எல்லாரும் நம்பினார்கள். அறிகுறியில்லாத 1,953 கர்ப்பிணிகளுக்கு மெட்ரோனிடசோலும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2000இல் வந்தது: குறைமாதப் பிரசவம் ஒரு பக்கம் 12.2 சதவீதம், மறுபக்கம் 12.5. பிரான்ஸில் 84,530 கர்ப்பிணிகளைச் சலித்தெடுத்து, ஆபத்து குறைந்தவர்களுக்குக் கிளிண்டாமைசின் மாத்திரை கொடுத்த பெரும் சோதனை 2018இல் வெளிவந்தபோதும் பயன் தென்படவில்லை. இடையில் சில சிறிய சோதனைகள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்மை உண்டு என்றன. பெரியவை அதை உறுதிசெய்யவில்லை. இந்தத் தோல்வி என் வாதத்தைக் குலைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்து காணப்படுவது வேறு, காரணமாயிருப்பது வேறு என்பதை எந்த நுண்ணோக்கியும் இவ்வளவு தீர்மானமாகச் சொல்லியிருக்காது. தொல்லை எதுவும் இல்லாத, ஆபத்து குறைந்த கர்ப்பிணிகளை இதற்காகச் சோதிக்க வேண்டாம் என்ற இன்றைய அமெரிக்கப் பரிந்துரை அங்கிருந்து வந்ததே.

தொல்லையில்லாதவருக்கு இது நோயே இல்லையோ என்ற கேள்வி இன்னும் ஆழமானது. ஜாக் ராவலின் குழு 2011இல் வட அமெரிக்காவைச் சேர்ந்த, எந்தப் புகாரும் இல்லாத 396 பெண்களின் யோனி நுண்ணுயிர்களை மரபணு வழியாக வரிசைப்படுத்தியது. நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம் லாக்டோபேசில்லஸ் மேலோங்கியிருக்கவில்லை. கறுப்பினப் பெண்களிலும் ஹிஸ்பானியப் பெண்களிலும் அப்படிப்பட்டவர்கள் ஐந்தில் இரண்டு பங்கு. டோடெர்லைன் 1892இல் பார்த்த பெண்களை அளவுகோலாக வைத்து உலகத்துப் பெண்களையெல்லாம் நோயாளியாக்கிவிட்டோமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. தொல்லை உள்ளவருக்கு மட்டும் மருந்து என்ற வழக்கம் அதற்கு ஒரு நடைமுறைப் பதில், முழுப் பதிலாகாது. கொல்வதற்குப் பதில் குடியேற்றிப் பார்த்தால் என்ன என்ற சோதனை சற்றுக் கூடுதலாகச் சொல்கிறது. 2020இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், மெட்ரோனிடசோல் ஜெல்லுக்குப் பின் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற இனத்தை யோனிக்குள் செலுத்திக்கொண்ட பெண்களில் 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது 30 சதவீதத்தினருக்கு. வெற்று மருந்து பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு. தொல்லை உள்ள பெண்களைப் பொறுத்தவரை, காவலாளியின் இன்மை வெறும் வேறுபாடு மட்டுமில்லை, அது எதையோ செய்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல சான்று இந்த வித்தியாசம்.

நம் நாட்டில் மருந்து இப்படிக் கற்றுத்தர முடியாதபடி வேறொரு வழக்கம் ஊன்றியிருக்கிறது. வெள்ளைப்படுதலை உடல் சூடு என்றும், சத்தெல்லாம் வெளியேறுவது என்றும் சொல்லி, வெந்தயத்தையும் இளநீரையும் கொடுத்துவிட்டுப் பேச்சை முடிக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் குறைவில்லை. ராணி பங், அபய் பங் தம்பதி மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட கட்டுரை, 92 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மகளிர் நோயோ தொற்றோ இருந்ததாகவும், அதற்குமுன் ஒரு முறையேனும் உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதமே என்றும் சொன்னது. பரிசோதனை எட்டாத நாட்டில் அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது அரசின் வழியாயிற்று. அரசு மருத்துவமனைகளில் வெள்ளைப்படுதலுக்கென்று வைத்திருக்கும் பச்சை நிறப் பையில் பாக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்குமாக செக்னிடசோல், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், இரண்டும் சேர்ந்தே இருக்கும். சோதனைக்கூடம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் குறைசொல்வது எளிது, மாற்று சொல்வது கடினம். மருந்துக்கடையில் விற்கும் கலவைக் குளிகைகளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. கிளிண்டாமைசினும் க்ளோட்ரிமசோலும் ஒரே குளிகையில், சிலவற்றில் டினிடசோலும் சேர்த்து, சட்டப்படி சீட்டு வேண்டும் என்றாலும் சீட்டில்லாமலே பல இடங்களில் கிடைக்கிறது. பெண்ணுக்குக் குணமானால் எதனால் குணமானது என்று தெரியாது. ஆகாவிட்டால் எது தோற்றது என்றும் தெரியாது. இந்தியாவில் எத்தனையோ பெண்கள் ஆண்டுதோறும் இம்மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சியாட்டிலின் 81 பெண்கள் சொன்ன அளவுகூட அந்த அனுபவத்திலிருந்து நமக்குச் சேதி வருவதில்லை.

களிம்பு சொன்ன கடைசிச் சேதி 2025 மார்ச்சில் வந்தது, அதுவும் மெல்பர்னிலிருந்து. கணவனுக்கும் சிகிச்சை தந்தால் மனைவிக்கு நோய் திரும்பாதா என்று 1980களிலிருந்து ஆறேழு முறை சோதித்திருந்தார்கள். ஆண்களுக்கு மாத்திரை கொடுத்துப் பயனில்லை என்றதும், இது உடலுறவால் பரவுவதில்லை என்ற முடிவு பாடநூல்களில் ஏறிவிட்டது. உறவே அறியாத இளம்பெண்களிடமும் இது இருக்கிறது என்று 1988இல் வந்த ஓர் ஆய்வும் அந்த முடிவுக்கு முட்டுக்கொடுத்தது. ஆனால் பெண்ணோடு வாழும் பெண்களிடம் இருவருக்குமே இந்நோய் சேர்ந்து காணப்படுவதும், அதே துணையோடு தொடர்பவர்களுக்கு விரைவில் திரும்புவதும் விளக்கமின்றிக் கிடந்தன. பழைய சோதனைகள் ஒன்றை விட்டுவிட்டன: கிருமிகள் ஆணின் சிறுநீர்க்குழாயில் மட்டுமின்றி முன்தோலின் அடியிலும் குடியிருக்கின்றன, மாத்திரை அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. லென்கா வோட்ஸ்ட்ர்சிலும் பிராட்ஷாவும் 164 இணைகளை எடுத்து, பெண்ணுக்கு வழக்கமான சிகிச்சையும், ஆண்களில் பாதிப் பேருக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையோடு, ஆணுறுப்பின் தோலில் நாளைக்கு இரு வேளை 7 நாள் பூசக் கிளிண்டாமைசின் களிம்பும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் நோய் திரும்பியது, ஆணுக்கும் சிகிச்சை கிடைத்த பெண்களில் 35 சதவீதத்தினருக்கு. பெண்ணுக்கு மட்டும் கிடைத்ததில் 63. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தி முடிவை அறிவித்தார்கள். மாத்திரையா களிம்பா, இரண்டும் சேர்ந்ததா என்பது அந்தச் சோதனையிலிருந்து தனியே பிரித்துச் சொல்ல முடியாதது. முன்பு மாத்திரை மட்டும் தோற்றதை நினைத்தால் களிம்பின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. பெண்ணின் தனிப்பட்ட சுத்தக்குறைவு என்று 100 ஆண்டுகளாகப் பேசப்பட்ட ஒன்று, இருவருக்கிடையே போய்வரும் தொற்றாக மாறிக்கொண்டிருக்கிறது. இந்த முடிவு அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் ஆணையும் வரவழைத்துச் சீட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நம்மூரில் வெள்ளைப்படுதலுக்கு டாக்டரிடம் போகும் பெண் பெரும்பாலும் தனியாகவோ தாயோடோ நாத்தனாரோடோ போகிறார்; புருஷனிடம் இந்தக் களிம்பைக் கொடுத்து நீங்களும் ஏழு நாள் பூசுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை அவர் தலையில் விழும். அந்தப் பேச்சை டாக்டரே பேசுவாரா என்பதற்கு எந்தச் சோதனையும் இன்னும் பதில் சொல்லவில்லை.